நிரலெழுதும் ஏஐ உதவியாளருக்கு வெளிக் கருவி சர்வர்களை இணைப்பது எப்படி: கொழிஞ்சாம்பாறைக் கடைக் கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு கொப்பரை வியாபாரிகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். ஒரு பக்கம் கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி, மறுபக்கம் சித்தூர், பாலக்காடு. ஒரே கடையில் காலையில் ஏறும் லோடு தமிழ்நாட்டுக்கும், மாலையில் ஏறும் லோடு கேரளத்துக்குள்ளும் போவது இங்கே அன்றாட வழக்கம். ஜிஎஸ்டி பதிவு எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி, மாநில வரி என்று பில்லில் இரண்டு வரிகள் விழ வேண்டும். எல்லை தாண்டினால் ஒருங்கிணைந்த வரி ஒன்றுதான் விழ வேண்டும்.

ஒரு நாள் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, பொள்ளாச்சிக்குப் போற பில்லுல எதுக்குங்க ரெண்டு வரி விழுகுது?" நிரலை ஏஐ உதவியாளரிடம் காட்டினேன். அது முழுவதையும் படித்துவிட்டு, மாநிலக் குறியீட்டை ஒப்பிடும் பகுதி சரியாகவே இருக்கிறது என்றது. அது சொன்னது உண்மைதான். பிழை நிரலில் இல்லை, தரவில் இருந்தது. அந்த வாடிக்கையாளரின் பதிவு எண்ணுக்கு முன்னால் யாரோ ஓர் இடைவெளியைத் தட்டியிருந்தார்கள். முதல் இரண்டு எழுத்துகளை எடுத்தபோது 33 வரவில்லை. ஓர் இடைவெளியும் ஒரு 3-உம் வந்தன. எதற்கும் பொருந்தாததை உள்ளூர் விற்பனையாகக் கொள்ளும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. தரவுத்தளத்தைப் பார்க்க முடிந்திருந்தால் உதவியாளர் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கும். அந்தக் கண்ணைக் கொடுப்பதுதான் வெளிக் கருவி சர்வரின் வேலை. அதை எப்படிக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கும் விதமாகவே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

சர்வர் என்றால் இங்கே என்ன

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. எம்சிபி என்று சுருக்கமாகச் சொல்கிறோம். உதவியாளர் ஒரு பக்கம், தரவுத்தளம், உலாவி, கிட் களஞ்சியம் (நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இடம்) போன்றவை மறுபக்கம். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி ஜேசன் ஆர்பிசி 2.0, அதாவது ஜேசன் என்ற உரை வடிவில் கேள்வியும் விடையும் அனுப்பும் முறை. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் இன்னின்ன கருவிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன உள்ளீடுகள் வேண்டும் என்று பட்டியல் கொடுக்கிறது. மாடல், அதாவது உதவியாளருக்குப் பின்னால் இருக்கும் ஏஐ, அந்தப் பட்டியலைப் படித்து, தேவைப்படும்போது ஒரு கருவியை அழைக்கச் சொல்கிறது. உண்மையில் அழைப்பது உங்கள் கணினியில் ஓடும் உதவியாளர் செயலி.

சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் தொலைவில் எங்கோ இருக்கும் இயந்திரத்தை நினைக்க வேண்டாம். பல எம்சிபி சர்வர்கள் உங்கள் கணினியிலேயே, உங்கள் பயனர் கணக்கின் முழு உரிமையுடன் ஓடும் சிறு நிரல்கள். உதவியாளர் அதைத் துவக்கி, ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட் (எந்த நிரலுக்கும் இயல்பாக உள்ள உள்ளீட்டு, வெளியீட்டு வழிகள்) வழியாகப் பேசுகிறது. இதற்கு எஸ்டிடிஐஓ முறை என்று பெயர். தொலைவில் இருக்கும் சர்வர்களுக்கு எச்டிடிபி முறை உண்டு. 2025 மார்ச் பதிப்பில் வந்த ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி இப்போது அதற்கான வழி. அதற்கு முந்தைய எஸ்எஸ்இ முறையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் எடுக்க வேண்டியதில்லை.

"உங்கள் பயனர் கணக்கின் முழு உரிமையுடன்" என்ற சொற்களை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழிக்கக்கூடிய எந்தக் கோப்பையும் அந்த நிரலும் அழிக்க முடியும். கீழே வரும் படிகளில் பாதி, இந்த ஒன்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதல் படி: எதைத் திறப்பது என்று முடிவு செய்யுங்கள்

இணையத்தில் கிடைக்கும் சர்வர் பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் பத்தை நிறுவுபவர்களை அறிவேன். அது வீண். ஒவ்வொரு கருவியின் விளக்கமும் மாடலின் சூழல் சாளரத்தில் (ஒரே நேரத்தில் அது கவனத்தில் வைக்கக்கூடிய உரையின் அளவு) இடம் பிடிக்கும். கருவிகள் பெருகப் பெருக, எதை அழைப்பது என்பதில் மாடலும் தடுமாறும். இப்போது கையில் உள்ள வேலைக்கு உதவியாளர் எதைப் பார்க்க முடியாமல் நிற்கிறது என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் இணையுங்கள். என் வேலைக்குத் தேவைப்பட்டது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்றுதான்.

இரண்டாம் படி: வாசிக்க மட்டும் முடிந்த ஒரு கணக்கை உருவாக்குங்கள்

அமைப்புக் கோப்பைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நான் இதைச் செய்யாமல் தொடங்கினேன். அதன் விளைவைச் சொல்கிறேன்.

மென்பொருள் பயன்படுத்தும் அதே கணக்கை, அதாவது அட்டவணைகளின் உரிமையாளர் கணக்கை, சர்வருக்கும் கொடுத்திருந்தேன். அனுமதி கேட்கும் பெட்டி அடிக்கடி வந்ததால் "எப்போதும் அனுமதி" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பொள்ளாச்சிப் பில் விவகாரத்தை மறுபடி கேட்டதும் உதவியாளர் இடைவெளியைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, எல்லா வாடிக்கையாளர் எண்களிலும் இடைவெளியை நீக்கும் கட்டளையையும் ஓடவிட்டது. கட்டளையில் தவறில்லை. ஆனால் அந்த அட்டவணையில் ஒரு ட்ரிகர், அதாவது தரவு மாறினால் தானாக ஓடும் சிறு நிரல், இருந்தது. எண் மாறியதும் அது பழைய பில்களின் வரியை மறுபடி கணக்கிட்டது. அவற்றில் மாதாந்திரக் கணக்கில் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்ட பில்களும் இருந்தன. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டு, அன்றைய பில்களை வியாபாரியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினோம். கொடுத்த உரிமை என்னுடையது, ஆகவே தவறும் என்னுடையது.

இப்போது நான் செய்வது இது. முதலில், நேரடித் தரவுத்தளத்தைத் தொடாமல், பேக்கப்பிலிருந்து எடுத்த ஒரு நகலில் வேலை செய்கிறேன். அந்த நகலில் புதிய ரோல் (தரவுத்தளப் பயனர் கணக்கு) ஒன்றை உருவாக்கி, தரவுத்தளத்தில் இணையும் உரிமையையும், ஸ்கீமாவை (அட்டவணைகளின் தொகுப்பு) பயன்படுத்தும் உரிமையையும், படிப்பதற்கான செலக்ட் உரிமையையும் மட்டும் கொடுக்கிறேன். செலக்டையும் அட்டவணைகளின் மீது நேராகக் கொடுப்பதில்லை. தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய நெடுவரிசைகளை விட்டுவிட்டு வியூ (அட்டவணையின் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் காட்டும் சேமித்த வினவல்) ஒன்றை எழுதி, அதன் மீது கொடுக்கிறேன். போஸ்ட்கிரெஸில் வியூ வழக்கமாக அதன் உரிமையாளரின் உரிமையில் ஓடுவதால், அடியில் உள்ள அட்டவணையைப் புதிய ரோல் தொடவே முடியாது. இது ஏன் முக்கியம் என்றால், கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு வரியும் மாடலுக்கு அனுப்பப்படுகிறது. மாடல் இயங்குவது உங்கள் மேசையில் அல்ல. வியாபாரி உங்களை நம்பிக் கொடுத்த தொலைபேசி எண்கள் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை.

கூடவே அந்த ரோலுக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை (ஒரு வினவல் ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) ஐந்து விநாடி என்று வையுங்கள். எழுதுவதை இயல்பாகத் தடுக்கும் டிஃபால்ட் டிரான்ஸாக்ஷன் ரீட் ஒன்லி என்பதையும் ஆன் செய்யலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இணைந்த பிறகு அந்த அமர்வே அதை அணைத்துவிட முடியும். செலக்ட் தவிர வேறு உரிமை இல்லாத ரோல்தான் உண்மையான பூட்டு. இதற்கு ஒரு படிப்பினை உண்டு. எம்சிபி திட்டத்தின் மாதிரி சர்வர்களில் போஸ்ட்கிரெஸுக்கான ஒன்று முன்பு இருந்தது. வாசிப்பு மட்டும் என்ற காவலை அது தன் நிரலுக்குள், ஒரு டிரான்ஸாக்ஷனால் (ஒன்றாகச் செய்யப்படும் கட்டளைகளின் தொகுதி) போட்டிருந்தது; வினவலுக்கு முன்னால், அந்தத் தொகுதியை முடித்துவிடும் கமிட் என்ற சொல்லைச் சேர்த்து அனுப்பினால் அந்தக் காவலைத் தாண்டிவிட முடிந்தது. இப்போது அது பழைய காப்பகத்தில் கிடக்கிறது. பழைய பயிற்சிப் பக்கங்களைப் பார்த்து அதை நிறுவிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: சர்வரைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

பெரும்பாலான சர்வர்கள் நோட் அல்லது பைத்தானில் எழுதப்பட்டவை. நோட் சர்வர்களை என்பிஎக்ஸ் கட்டளையும், பைத்தான் சர்வர்களை யுவிஎக்ஸ் கட்டளையும் பதிவிறக்கி இயக்கும். நான் பயன்படுத்துவது பைட்பேஸ் நிறுவனத்தின் டிபிஹப் என்ற சர்வர். அது என்பிஎக்ஸ் வழியாக ஓடும், போஸ்ட்கிரெஸுடன் பேசும்.

உதவியாளருடன் இணைப்பதற்கு முன் அதே கட்டளையை டெர்மினலில் நீங்களே ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் தொகுப்பு பதிவிறங்கும். எங்கள் ஊரில் மழை நாளில் இதற்கே சில நிமிடங்கள் ஆவதுண்டு. உதவியாளர் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் இணைப்புத் தோல்வி என்று சொல்லிவிடும். நீங்கள் அமைப்புக் கோப்பில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். என்பிஎக்ஸுக்கு அடுத்து ஒற்றைச் சிறுகோடும் ஒய் எழுத்தும் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் டெர்மினலில் "நிறுவலாமா" என்று அது கேட்டுக் காத்திருக்கும். தொகுப்பின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். லேட்டஸ்ட் என்று விட்டால், நேற்று நீங்கள் சோதித்த நிரலும் இன்று உங்கள் கணினியில் ஓடும் நிரலும் வேறாக இருக்கலாம்.

சர்வர் தரும் கருவிகளைத் தனியாகப் பார்க்க எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற கருவி உண்டு. என்பிஎக்ஸாலேயே ஓடும், உலாவியில் ஒரு பக்கம் திறந்து, ஒவ்வொரு கருவியையும் நீங்களே அழைத்துப் பார்க்கலாம். அதன் 0.14.1-க்கு முந்தைய பதிப்புகளில் கடுமையான பாதுகாப்புக் குறை இருந்தது. பழையதை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இங்கே புதிய வரி சேர்க்கும் இன்செர்ட் வினவல் ஒன்றை வேண்டுமென்றே அனுப்பிப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று போஸ்ட்கிரெஸ் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

நான்காம் படி: அமைப்புக் கோப்பு

நான் ஆந்த்ரோபிக்கின் நிரலெழுதும் உதவியாளரான கிளாட் கோட் பயன்படுத்துவதால் அதை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றில் மாறுபடும் இடங்களைப் பின்னால் தருகிறேன்.

டெர்மினலில் கட்டளையின் வரிசை இப்படி அமையும்: கிளாட், எம்சிபி, ஆட், பிறகு விருப்பத் தேர்வுகள், பிறகு சர்வருக்கு நீங்கள் வைக்கும் பெயர், பிறகு தனியாக நிற்கும் இரட்டைச் சிறுகோடு, அதன் பிறகு சர்வரை இயக்கும் முழுக் கட்டளை. இரட்டைச் சிறுகோட்டுக்கு முன்னால் வருவது கிளாட் கோடுக்கு, பின்னால் வருவது சர்வருக்கு. இந்தக் கோட்டை விட்டுவிடுவதால்தான் புதியவர்களுக்குப் பாதிப் பிழைகள் வருகின்றன. விண்டோஸில் நேரடியாக ஓட்டுபவர்கள் என்பிஎக்ஸுக்கு முன்னால் சிஎம்டி, சாய்கோடு சி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஸ்கோப் என்ற விருப்பத் தேர்வு மூன்று மதிப்புகளை ஏற்கும். லோக்கல் என்பது இந்தத் திட்டத்தில் உங்களுக்கு மட்டும். எதுவும் சொல்லாவிட்டால் இதுதான். யூசர் என்பது உங்கள் எல்லாத் திட்டங்களுக்கும். புராஜெக்ட் என்பது திட்டத்தின் மூலக் கோப்புறையில் புள்ளி எம்சிபி புள்ளி ஜேசன் என்ற கோப்பாக எழுதப்பட்டு, கிட் வழியாக உடன் வேலை செய்பவர்களுக்கும் போகும். ஒரே பெயர் பல இடங்களில் இருந்தால் லோக்கல் வெல்லும். தரவுத்தள சர்வரை யூசர் நிலையில் வைப்பதை நான் ஏற்கவில்லை. ஒரு கடையின் கணக்கு இன்னொரு கடையின் திட்டத்தில் வேலை செய்யும்போது திறந்திருக்கக் கூடாது.

கோப்பைத் திறந்து பார்த்தால் அமைப்பு எளிது. வெளியே எம்சிபி சர்வர்ஸ் என்ற ஒரே சாவி. இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். அதற்குள் சர்வரின் பெயர்; அதற்குள் கமாண்ட், ஆர்க்ஸ், என்வ் என்று மூன்று. கமாண்டில் என்பிஎக்ஸ், ஆர்க்ஸில் மற்ற ஒவ்வொரு சொல்லும் தனித்தனி மேற்கோளுக்குள், என்வில் சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்). ஜேசனில் கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி வரக் கூடாது. விண்டோஸ் கோப்புப் பாதையில் பின்சாய்வுக்கோட்டை இரண்டு முறை எழுத வேண்டும்.

கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது, ஏனெனில் இது கிட்டுக்குள் போகும் கோப்பு. டிபிஹப் தரவுத்தள முகவரியை டிஎஸ்என் என்ற சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும். என்வ் பகுதியில் டிஎஸ்என் என்பதற்கு எதிரே டாலர் குறியும் நெளி அடைப்புக்குள் இன்னொரு மாறியின் பெயரும் எழுதினால், உங்கள் ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரல்) உள்ள மதிப்பை கிளாட் கோட் அங்கே நிரப்பும். முகவரியை ஆர்க்ஸில் எழுதினாலும் வேலை நடக்கும். ஆனால் அப்போது ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் கடவுச்சொல் தெரியும்.

கர்சர், விஎஸ் கோட் ஆகிய நிரல் எடிட்டர்களிலும் இதைச் செய்யலாம். கர்சரில் கோப்பு புள்ளி கர்சர் கோப்புறைக்குள் எம்சிபி புள்ளி ஜேசன்; உள்ளமைப்பு ஒன்றே. விஎஸ் கோடில் புள்ளி விஎஸ்கோட் கோப்புறைக்குள் அதே பெயரில் கோப்பு, ஆனால் வெளிச் சாவியின் பெயர் சர்வர்ஸ் மட்டும். மற்றொன்றிலிருந்து ஒட்டிவிட்டு ஏன் எதுவும் தெரியவில்லை என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். விஎஸ் கோடில் இன்புட்ஸ் என்ற பகுதி கடவுச்சொல்லை முதல் முறை கேட்டு வாங்கிக்கொள்ளும், நல்ல வசதி.

ஐந்தாம் படி: இணைந்ததா என்று பார்ப்பது, இணையாவிட்டால் தேடுவது

கிளாட் எம்சிபி லிஸ்ட் என்றால் ஒவ்வொரு சர்வரின் நிலையும் தெரியும். உரையாடலுக்குள் சாய்கோடு எம்சிபி என்று தட்டினால் கருவிகளின் பட்டியலும், தொலை சர்வர்களில் உள்நுழையும் வசதியும் கிடைக்கும். திட்டக் கோப்பில் உள்ள சர்வரை முதல் முறை பயன்படுத்தும் முன் ஒப்புதல் கேட்கும். வேறொருவரின் களஞ்சியத்தை இறக்கியிருந்தால், ஆம் சொல்வதற்கு முன் அந்தக் கட்டளையைப் படியுங்கள்.

கட்டளை கிடைக்கவில்லை என்று வந்தால், செயலிக்கு உங்கள் பாத் மாறி (கட்டளைகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) தெரியவில்லை என்று பொருள். ஐகானை அழுத்தித் திறக்கும் செயலிகள் ஷெல்லின் அமைப்பைப் படிப்பதில்லை. விச் கட்டளையால் என்பிஎக்ஸின் முழுப் பாதையை எடுத்து கமாண்டில் எழுதுங்கள். துவங்கவே நேரமாகிறது என்றால் எம்சிபி டைம்அவுட் மாறியை மில்லிவிநாடிகளில் கூட்டுங்கள். 30000 என்றால் அரை நிமிடம். நீங்களே எழுதிய சர்வர் இணைந்தவுடன் துண்டிக்கப்பட்டால், நிரலில் பிரிண்ட் கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்டிடிஐஓ முறையில் ஸ்டாண்டர்ட் அவுட்புட் நெறிமுறைச் செய்திகளுக்கு மட்டுமே உரியது. பதிவுகள் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு செய்திகள். முதலாவது, "கொப்பரை" என்று தேடச் சொன்னபோது எனக்கு ஒரு வரியும் வரவில்லை. கண்ணுக்கு முன் அட்டவணையில் அந்தச் சொல் இருந்தது. கொகரத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. கடையில் பழைய விசைப்பலகையில் ஏற்றியவை இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. வியூவிலேயே அதைப் போட்டுவிட்டேன், பிறகு தேடல் சரியாயிற்று. இரண்டாவது, தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8-இல் மூன்று பைட் எடுக்கும். பெரும்பாலான மாடல்களில் டோக்கனும் (மாடல் உரையை வெட்டி எண்ணும் துண்டு) ஆங்கிலத்தைவிட அதிகம் ஆகும். கிளாட் கோட் ஒரு கருவியின் விடையை இயல்பாக 25000 டோக்கன்களில் நிறுத்தும். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த அட்டவணை அந்த வரம்பை விரைவில் தொடும். வரம்பைக் கூட்டுவதைவிட, வரிகளின் எண்ணிக்கைக்கு லிமிட் போட்டு வினவச் சொல்வது நல்லது.

ஆறாம் படி: அனுமதிகள்

கிளாட் கோடில் ஒவ்வொரு கருவிக்கும் முழுப்பெயர் உண்டு: எம்சிபி, இரண்டு அடிக்கோடு, சர்வரின் பெயர், இரண்டு அடிக்கோடு, கருவியின் பெயர். செட்டிங்ஸ் கோப்பின் பெர்மிஷன்ஸ் பகுதியில் அலவ், டெனை பட்டியல்களில் இந்தப் பெயரைச் சேர்க்கலாம். இரண்டிலும் இருந்தால் டெனை வெல்லும். வாசிக்கும் கருவிகளை அலவில் சேருங்கள்; மாற்றம் செய்யும் எதையும் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி விடுங்கள்.

இனி, ஒரு சேர்க்கையைப் பற்றிக் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தனிப்பட்ட தரவைப் படிக்கும் சர்வர் ஒன்று, வெளி வலைப்பக்கங்களைப் படிக்கும் சர்வர் ஒன்று, வெளியே செய்தி அனுப்பக்கூடிய சர்வர் ஒன்று: இந்த மூன்றும் ஒரே உரையாடலில் திறந்திருக்கக் கூடாது. வலைப்பக்கத்தில் யாரோ மறைத்து எழுதிய வாசகத்தை மாடல் உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு, கணக்கைப் படித்து வெளியே அனுப்பிவிட வழி திறந்துவிடுகிறது. வாடிக்கையாளர் பெயர், குறிப்பு போன்ற நெடுவரிசைகளில் பிறர் எழுதியதும் அதே வகைதான். தரவுத்தளத்தோடு வேலை செய்யும்போது உலாவி சர்வரை நான் அணைத்து வைக்கிறேன்.

வேலை முடிந்த பிறகு

இந்த ஒழுங்கில் மறுபடி இணைத்தபோது, ஒரே கேள்விக்கு உதவியாளர் இடைவெளி உள்ள எண்களின் பட்டியலையும், அவற்றால் தவறிய பில்களின் பட்டியலையும் தந்தது. திருத்தும் கட்டளையையும் எழுதித் தந்தது, ஆனால் அதை ஓட்ட அதற்கு உரிமை இல்லை. ட்ரிகரை நிறுத்திவைத்து, வாடிக்கையாளர் அட்டவணையை மட்டும் நான் கையால் திருத்தினேன். தாக்கல் செய்த பில்களைத் தொடாமல், வியாபாரியின் ஆடிட்டரிடம் பட்டியலாகக் கொடுத்தேன். பிறகு கிளாட் எம்சிபி ரிமூவ் கட்டளையால் சர்வரை நீக்கி, தரவுத்தள நகலை அழித்து, ரோலையும் ட்ராப் செய்தேன். அடுத்த கடையில் தேவைப்படும்போது இரண்டாம் படியிலிருந்து தொடங்க இருபது நிமிடம் ஆகும்.